அப்படி இல்லைங்க சார்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை மேடைகளில் நான் தேவைக்கு மேல் சொல்லியாகிவிட்டது.

"அப்படி இல்லைங்க சார்." அவளை நினைத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். எதிர்த்துப் பேசுகிற தொனியில் சொல்லமாட்டாள். நம் சட்டையில் ஒட்டியிருக்கும் நூலை எடுத்துப் போடுகிறவர்களைப் போல மெதுவாகச் சொல்வாள். சொல்லும்போது பார்வை தரையில் இருக்கும். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் கோபமோ துடுக்கோ இருக்காது. ஒன்றைச் சரிசெய்துவிட்ட நிம்மதி மட்டும் இருக்கும்.

நான் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். சொந்த வீடு மரக்காணத்தில். மொட்டை மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். ஊரில் எனக்குப் பேச்சாளர் என்று ஒரு பெயர் உண்டு. கல்யாணத்தில் வாழ்த்துரை, சாவில் இரங்கலுரை. நான் இரங்கல் பேசினால் செத்தவரோடு வரப்புத் தகராறு செய்தவர்கள்கூட அழுவார்கள் என்று சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அவளுடைய அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்தாள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால், தை பிறந்து தண்ணீர் வடியும்வரை அங்கே வேலை இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள், துணி துவைப்பாள். அப்பா என்று ஒருவர் உண்டு. பெரிய முதலியார்சாவடிப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டவர். அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள்.

அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டபோது அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வந்திருந்தார். கூடத்தின் ஓரத்தில் நின்று பழைய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "யாருப்பா இந்தக் குட்டி?" என்றார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான்" என்றேன்.

"அப்படி இல்லைங்க சார்" என்றாள் அவள். "எங்க வீடு காலனில இருக்குது."

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்பா, ஒன்ன அடக்குறதுக்குன்னே ஒரு ஆளு பொறந்திருக்குது போல!" நானும் சிரித்தேன். அவள் அம்மாவுக்கென்று எங்கள் கொல்லைப்புறத்து மாடத்தில் தனியாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அவள் எதைத் திருத்தினாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அவள் உட்காரமாட்டாள். இதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மணிக்கணக்காகச் சுவரோரம் நின்றே படிப்பாள். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாளே தவிர, "உட்காரேன்" என்றால் "பரவாயில்லைங்க சார்" என்பாள். கொல்லையில் பாத்திரச் சத்தம் நின்று, அவள் அம்மா துணிக்கல்லின் ஓரத்தில் டீயோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும், இவளும் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காருவாள். அம்மா எழுந்தால் இவளும் எழுந்துவிடுவாள். எத்தனையோ மழைக்காலங்கள் பார்த்தும், இதற்கும் என் மீதுள்ள மரியாதைக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்குப் புரியவில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் பக்கத்துத் தெரு நர்ஸம்மா ரத்தம் எடுக்க வந்தபோது, "நான் இனிப்பு கண்ணால பாத்தே ஆறு மாசம் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"அப்படி இல்லைங்கம்மா. நேத்து அதிரசம் சாப்ட்டீங்க."

"போட்டுக் குடுக்குறா பாரு! இவளப் போயி டாக்டருக்குப் படிக்க வெச்சா ஒரு நோயாளியும் பொய் சொல்ல முடியாது!" என்றாள் மனைவி. நர்ஸம்மா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டவள்போல நின்றாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். மறுவருஷம் அறிவியல் பிரிவு எடுத்தாள்.

பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். நீட் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குக் கொஞ்சம்தான் குறைந்தது. ஒரு வருஷம் எங்காவது தங்கிப் படித்தால் கிடைத்துவிடும். சென்னையில் ஓர் அறக்கட்டளை இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்கும் இடமும் சாப்பாடும் கொடுத்துப் பயிற்சி தருவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே வேலை செய்கிற ஒருவன் என் பழைய மாணவன். போன் செய்தேன்.

"ஏன் டாக்டர் ஆகணும்னு பிள்ளைங்க ஒரு சின்ன வீடியோ பேசி அனுப்பணும் சார்" என்றான். "நெறைய பேரு அனுப்புறாங்க. பாக்குறவங்க மனசத் தொடணும். உங்களுக்கா சொல்லித்தரணும்?"

எனக்கா சொல்லித்தர வேண்டும்! அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கல்யாணங்களில் பாட்டுக் கச்சேரி வந்துவிட்டது. சாவுக்குக்கூட ஆளாளுக்குப் போனில் கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். உப்பளத்துப் பெண் ஒருத்தியை டாக்டராக்கியவர் என்று யாராவது ஒலிபெருக்கியில் என்னைச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்றைக்கு அதை உதவி என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவும் மகளும் வந்தார்கள். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் இன்னும் நான்கு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள். மகள் சுவரோரம் நின்றாள்.

"ஏன் டாக்டர் ஆகணும்னு நினைக்கிறே? உள்ளதச் சொல்லு" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை.

"அம்மாவுக்கு ஒரு வாட்டி கால்ல உப்பு வெட்டி சீழ் புடிச்சிக்கிச்சுங்க சார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேஸ்திரியும் கூடவே வந்தாரு. சீக்கிரம் கட்டுப் போட்டு அனுப்புங்க, லாரி நிக்குதுன்னாரு. அந்த டாக்டரம்மா அவரப் பாக்கவே இல்ல. அம்மாவப் பாத்து, மொதல்ல உக்காரும்மான்னாங்க. பக்கத்துல ஒரு ஸ்டூல் இருந்திச்சு. அம்மா உக்காந்துச்சு. மேஸ்திரி நின்னாரு. ஒரு வாரம் இந்தம்மா தண்ணில எறங்கக் கூடாதுன்னு சொன்னாங்க. சரிங்க மேடம்னு மேஸ்திரி தலைய ஆட்டுனாரு."

"சரி, அப்புறம்?"

"அவ்ளோதாங்க சார். அம்மா உக்காந்து மேஸ்திரி நின்னத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். யாரு சொன்னா அப்படி நடக்கும்னு யோசிச்சேன். டாக்டர் சொன்னா நடக்குது."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எதையும் பார்க்கவில்லை. இதை எப்படி வளர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா இதுல யாரும் சாகலையேம்மா."

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். என் வீட்டுக் கூடத்தில், காலை வெளிச்சத்தில், தெளிவான குரலில் சொன்னேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது கை கூசுகிறது.

பிறகு கதையை நான் கட்டினேன். சித்திரை வெயிலில் அம்மா உப்பு வாரும்போது மயங்கி விழுகிறாள். வண்டி கிடைக்கவில்லை. மகளின் மடியில் உயிர் போகிறது. ஒரு டாக்டர் மட்டும் அருகில் இருந்திருந்தால்! அந்த ஏக்கம்தான் இந்தப் பெண்ணை மருத்துவம் படிக்கத் தூண்டியது. இரங்கலுரைகளில் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

"அப்படி இல்லைங்க சார்" என்றாள் அவள். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "அம்மா இங்கதான நிக்கிறாங்க."

"தெரியும்மா. சும்மா ஒரு பேச்சுக்கு. இந்த ஊருல அப்படிச் செத்தவங்களே இல்லையா? அவங்க கதைய நீ சொல்றேன்னு வெச்சுக்கோ."

"அப்படின்னா அவங்க கதைன்னே சொல்லிடுறேங்க சார்."

"அதெல்லாம் எடுபடாது."

நான் அம்மாவைப் பார்த்தேன். "நீ என்ன சொல்றே? உன் பொண்ணு வாழ்க்கை. நீ இல்லைன்னு சொல்லிடலாமா?"

அவள் சிரித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல் தெரியச் சிரித்தாள். "சொல்லுங்க சார். ஒரு நாளைக்கிப் போறவதான. என்னிக்கோ போறத இன்னிக்கே போயிட்டேன்னு சொல்லுங்க. புள்ள படிச்சா போதும்." மகளிடம் திரும்பி, "சாரு சொல்றத சொல்லு கண்ணு. அவரு படிச்சவரு" என்றாள்.

அதற்குள் உள்ளறையிலிருந்து ஒரு குரல் தடுத்தது. "ஏங்க, உசுரோட நிக்கிறவள வெச்சிக்கிட்டு இது என்ன பேச்சு? வேற கதையே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

என் போனில்தான் படம் எடுத்தோம். பல தடவை எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் பார்வை போனைத் தாண்டிச் சமையலறை வாசலுக்குப் போய்விடும். கடைசியில் அவள் அம்மாவைக் கொல்லைப்புறம் போய் நிற்கச் சொன்னேன். போனாள். அதற்குப் பிறகு மகள் சரியாகச் சொன்னாள். "எங்கம்மா செத்துட்டாங்க" என்று சொல்லும்போது உதடு கோணி, கண்ணீர் தாரையாக வந்தது. கொல்லையில் அப்போது வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான்! இதேதான்!" என்று நான் கத்தினேன். கை தட்டினேன்கூட.

அவள் தேர்வானாள்.

ஆனால் சேர்க்கும் முன் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று மாணவன் சொன்னான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா சித்தியாக இருந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். சாகாதவளின் படம் ஒன்று சுவரில் வேண்டுமே. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். திருவிழாவில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எடுத்தது. அதை நானே ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போய், குழந்தையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன்.

"காலமாயிட்டாங்களா சார்?" என்றான் ஸ்டூடியோக்காரன். "தோற்றம் மறைவு போடணுங்களா?"

"வேண்டாம்" என்றேன். அந்த அளவுக்கு எனக்குக் கூச்சம் இருந்தது. படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிற அளவுக்கு இல்லை.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு நம் பக்கத்தில் யாரும் மாலை போடமாட்டார்கள். கை தவறிப் பூச்சரம் படத்தின் மேல் பட்டால்கூடப் பதறி எடுப்பார்கள். நான் போனபோது அந்தப் படம் ஓட்டு வீட்டின் உள்சுவரில், பல்லி ஓடிய கறைக்கு மேலே, மாலையோடு இருந்தது. கண்ணாடியில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். கீழே அகல். எல்லாம் அம்மாவே செய்திருந்தாள். பூவை அவளே கட்டி, ஸ்டூல் இல்லாததால் குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி அவளே மாட்டினாளாம். மகள் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நல்லா இருக்குதுங்களா சார்?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையாரும் கேமராவோடு ஓர் இளைஞனும் வந்தார்கள். அம்மையார் நல்ல மனுஷி. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்து, படத்தின் முன்னால் கண்மூடிக் கைகூப்பி நின்றார். பிறகு கலர் சோடாவோடு நின்ற சித்தியைப் பார்த்து, "அக்கா மாதிரியே இருக்கீங்க" என்றார்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானங்க" என்றாள் அவள். நான் சொல்லிக்கொடுக்காத வசனம் அது.

அம்மையார் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா உங்கிட்ட கடைசியா என்னம்மா சொன்னாங்க?"

இதற்கு நான் பதில் தயார் செய்து கொடுக்கவில்லை. இப்போது தரையைப் பார்ப்பாள், அந்த வாக்கியத்தைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்க்கவில்லை. சோடாவோடு நின்றவளைப் பார்த்தாள்.

"காலைல கஞ்சி குடிச்சிட்டுப் போடீன்னு சொன்னாங்க" என்றாள்.

அம்மையார் உடைந்து அழுதுவிட்டார். கேமரா இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் மூச்சு விட்டேன். அது அன்றைக்குக் காலையில் நடந்தது என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை. பொய்க்கு நடுவே நிற்க வைத்தும் அவள் ஓர் உண்மையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து என்னிடம் அவள் "அப்படி இல்லைங்க சார்" என்று சொன்னதே இல்லை. நான் எது சொன்னாலும் "சரிங்க சார்" என்றாள். பணிவு வந்துவிட்டது, வெளி உலகம் போனால் இப்படித்தான் பக்குவம் வரும் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அந்த வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. உப்பளத்துக்கும் வந்தது. ஒருநாள் காலை நடையில் நான் வரப்போரமாகப் போகும்போது பெண்கள் வேலை தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், செத்துப்போனவளே! கூடைய எட்றீ!"

"மெதுவாக் கூப்பிடுக்கா, சாமிகிட்ட போனவ. பொட்டு வெச்சி கும்பிட்டுட்டுக் கூப்புடு!"

"ஏன்டீ, மேல மேஸ்திரி இருக்கிறானா? அங்கயும் உப்புதானா?"

அவளும் சிரித்தாள். "அங்க உக்கார ஸ்டூல் போடுறாங்கடீ. வர்றியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி வணக்கம் சொன்னார்கள். நான் வழியை மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கப் போவதில்லை.

ஒரு வருஷம் படித்து அவள் தேறினாள். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அறக்கட்டளை சென்னையில் விழா எடுத்தது. நான் ஆசைப்பட்டபடியே ஒலிபெருக்கியில் என்னைச் சொன்னார்கள், பொன்னாடை போட்டார்கள். மேடையில் அந்தச் சாவை மறுபடி சொன்னேன். இந்தத் தடவை காற்றும் கடலும் சேர்த்துச் சொன்னேன். முன்வரிசையில் பலர் அழுதார்கள். எல்லோருக்கும் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், சித்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. பெரிய மனிதர்கள் முன்னால் உட்கார அவளுக்கு வராது. மேடையில் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தும் மகள் விழா முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள். "அடக்கமான பெண்" என்று ஒருவர் பாராட்டினார்.

அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்திருக்கவேண்டும். கைதட்டல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் உறைக்கவில்லை.

அவள் படிக்கிற காலம் முழுக்க அறக்கட்டளை விடுதிச் செலவுக்கு உதவியது. அடிக்கடி யாராவது வருவார்கள், படம் எடுப்பார்கள். வகுப்பில் எல்லோரும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். அதனால் அம்மா விடுதிக்குப் போனாலும் சித்தியாகவே போனாள். மழை மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வரும்போது நான் கேட்பேன்.

"பொண்ணு ஊருக்கு வந்தாளா?"

"வந்துட்டுப் போச்சுங்க சார். உங்களக் கேட்டுச்சு."

கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இவளுடைய பொய்கள் எப்போதும் எதிரில் இருப்பவருக்காகச் சொல்லப்பட்டவை. ஒருமுறை அவர்கள் வீட்டுப் பக்கம் போக நேர்ந்தபோது எட்டிப் பார்த்தேன். படம் அப்படியே இருந்தது. பூ காய்ந்து நார் மட்டும் தொங்கியது. "எடுத்துடலாமே" என்றேன். "திடீர்னு வந்து பாப்பாங்களேங்க சார்" என்றாள்.

என் மனைவி போன பிறகு வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. அப்போதுதான் இவையெல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வரத் தொடங்கின.

போன மாசி மாதம் அவள் அம்மாவின் காலில் மறுபடி புண். பழைய இடத்திலேயே, ஆறவே இல்லை. மகள் இப்போது படிப்பை முடித்து, தன் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி டாக்டர். வரச்சொல்லிப் போன் செய்திருந்தாள். "துணைக்கு நான் வர்றேன்" என்றேன். அவளுக்குத் துணை தேவையில்லை. வெள்ளைக் கோட்டில் மகளைப் பார்க்கவேண்டும், மன்னிப்பு மாதிரி எதையாவது சொல்லவேண்டும் என்று எனக்குத்தான் தேவை இருந்தது. பஸ்ஸில் ஒரு பையன் வயசுக்கு மரியாதை கொடுத்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். அவள் புண்காலோடு கம்பியைப் பிடித்து நின்றாள். எழுந்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே இறங்கும் இடம் வந்துவிட்டது.

புறநோயாளிகள் பகுதியில் கூட்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். எங்கள் முறை வந்ததும் அம்மா வழக்கம்போல மேஜைக்கு எட்டி நின்றாள். சீட்டு எழுதிய நர்ஸ், "டாக்டருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"சித்திங்கம்மா" என்றாள் அவள். பழகிய பதில்.

"ஓ, அம்மா தவறினப்புறம் வளத்தவங்க. வீடியோல பாத்திருக்கேன்" என்றார் நர்ஸ்.

மகள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவள் தரையைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ வருஷங்களாக நான் கேட்காத அந்தக் குரல்.

"அப்படி இல்லைங்க சிஸ்டர்." நிமிர்ந்தாள். "இதுதான் எங்கம்மா. சாகல."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேஜை டாக்டரும் பார்த்தான். அம்மா பதறி, "ஏய், என்னா கண்ணு இது, ஒன் வேல..." என்றாள்.

"மொதல்ல உக்காரும்மா" என்றாள் மகள்.

மேஜையோரம் ஒரு ஸ்டூல் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மகள் எழுந்து வந்து தரையில் குந்தி, அந்தக் காலை எடுத்துத் தன் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு கட்டைப் பிரித்தாள்.

நர்ஸ் சீட்டில் எதையோ அடித்து எழுதினார். பிறகு என்னைக் காட்டி, "அப்ப இவரு யாரு டாக்டர்?" என்றார்.

"இவருதாங்க சாரு. புள்ளையப் படிக்க வெச்சதே..." என்று அம்மா தொடங்கினாள்.

"அப்படி இல்லைம்மா" என்றாள் அவள், புண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல். பிறகு நர்ஸிடம் சொன்னாள். "மழைக்காலத்துல எங்கம்மா பாத்திரம் தேய்ச்ச வீடு இவங்களுது."

குரலில் கசப்பு இல்லை. வெறுப்பு இல்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

புண்ணைச் சுத்தம் செய்ய நேரம் ஆயிற்று. அம்மா வலியில் முகத்தைச் சுளித்தவள், இடையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"சாரு ரொம்ப நேரமா நிக்கிறாரு பாரு கண்ணு. ஒரு சேர் போடச் சொல்லு."

மகள் கையுறையைக் கழற்றிவிட்டு, தன் நாற்காலியையே இழுத்து என் பக்கம் வைத்தாள். "உக்காருங்க சார்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். முழங்கால் வலித்தது. உட்கார்ந்தேன்.